சம்பளத்தில் பாதி வருமா? வீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 46. புதுக்கோட்டையில் கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்து 19 வருடம் ஆகிறது, நிரந்தரவாசி. கணவர் ஒரு தளவாட நிறுவனத்தில் மேலாளர், மாதம் 9,000 வெள்ளி (டாலர்) சம்பளம். ஊரில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். இங்கே வந்தபின் வீடு, பிள்ளைகள் என்று இருந்துவிட்டு மூன்று வருடமாகத்தான் ஒரு பாலர் பள்ளியில் பகுதி நேரம் வேலை பார்க்கிறேன், 1,500 வெள்ளி. மகளுக்கு 17, பாலிடெக்னிக் போகிறாள். மகன் உயர்நிலை ஒன்று. கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. விவாகரத்து கேட்கிறார். 'செங்காங் நாலறை வீட்டை நீயே வைத்துக்கொள், மாதாமாதம் பணம் கேட்காதே' என்று ஒரு பேப்பர் தயார் செய்து கையெழுத்துக்காக நிற்கிறார். வீட்டுக்கு இன்னும் மாதம் 900 வெள்ளி கடன் கட்டவேண்டும். போடாவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவேன் என்கிறார். இரண்டு மாதமாக வீட்டுச் செலவுக்கும் தரவில்லை. அண்ணி சொல்கிறார், சட்டப்படி சம்பளத்தில் பாதி வரும் என்று. எவ்வளவு வரும்? கையெழுத்துப் போடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். இந்தப் பதிலை முழுதாகப் படித்து, ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்துப் பேசும்வரை அந்தப் பேப்பரில் உங்கள் பேனா படக்கூடாது. அவர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக நீங்களும் அவசரப்பட வேண்டியதில்லை.

இப்போது முதல் கேள்வி. சம்பளத்தில் பாதி என்று சிங்கப்பூர்ச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று ஊர்ப்பக்கம் பேசிக்கொள்வதும் இங்கே செல்லாது. விகிதமே கிடையாது. திருமணம், விவாகரத்து பற்றிய இங்குள்ள சட்டமான மாதர் சாசனத்தின் 114ஆவது பிரிவு, நீதிபதி எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. இருவரின் வருமானம், இனிச் சம்பாதிக்கக்கூடிய திறன், சொத்து, செலவுகள், பொறுப்புகள், குடும்பம் உடைவதற்கு முன் எந்த வசதியில் வாழ்ந்தார்கள், வயது, எத்தனை வருட மணவாழ்க்கை, உடல்நலம், வீட்டையும் பிள்ளைகளையும் யார் பார்த்துக்கொண்டார்கள், இப்படி. கடைசியாகச் சொன்னதை நீங்கள் குறைவாக நினைக்கக்கூடாது. 16 வருடம் நீங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டதைச் சட்டம் பங்களிப்பு என்றுதான் சொல்கிறது, 'சும்மா இருந்தாள்' என்று எந்த நீதிபதியும் எழுதமாட்டார்.

ஆனால் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மனைவிக்கான பராமரிப்புத் தொகை, நம் ஆட்கள் ஜீவனாம்சம் என்பது, தனியாக முடிவாவதில்லை. நீதிமன்றம் முதலில் சொத்தைப் பிரிக்கிறது: வீடு, இருவரின் மசேநிதி (மத்திய சேம நிதி), சேமிப்பு, பங்குகள், ஊரில் வாங்கிப்போட்ட நிலம் எல்லாம் அதில் வரும். அந்தப் பங்கு கைக்கு வந்தபிறகும் உங்களுக்குத் துண்டு விழுகிறதா, விழுந்தால் எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று பார்த்து அதை நிரப்புவதுதான் பராமரிப்பு. சொத்தில் நல்ல பங்கு வந்தால் மாதத் தொகை குறையும், சில வழக்குகளில் இல்லாமலும் போகும். அதனால் 'எவ்வளவு வரும்' என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, 'மாதம் உங்களுக்கு எவ்வளவு துண்டு விழுகிறது' என்பதுதான்.

அதற்கு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டு பட்டியல் வேண்டும், உங்களுடையது ஒன்று, பிள்ளைகளுடையது ஒன்று. கலக்காதீர்கள், ஏனென்றால் பிள்ளைகளுக்கான பராமரிப்பு வேறு உத்தரவு. நம் பெண்கள் இந்தப் பட்டியலைப் போடும்போது பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தைக் காசு சுத்தமாக எழுதிவிட்டுத் தங்கள் பக்கத்தில் சாப்பாடு, பஸ், போன் என்று மூன்று வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் நீதிபதி முன்னால் அந்த மூன்று வரிதான் நிற்கும். பல் வைத்தியரைப் பார்த்தது, கண்ணாடி மாற்றியது, காப்புறுதி, வாஷிங் மெஷின் கெட்டுப்போனால் வாங்குவது, தீபாவளிச் சேலை, கல்யாண மொய், ஊருக்குப் போகும் டிக்கெட், அம்மாவுக்கு அனுப்பும் பணம், இதெல்லாம் உங்கள் செலவு இல்லையா? வருடத்துக்கு ஒருமுறை வருவதை 12ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். வீட்டில் மூன்று பேர் இருந்தால் தண்ணீர், மின்சாரம், நகர மன்றக் கட்டணம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை உங்கள் பட்டியலிலும் இரண்டு பங்கைப் பிள்ளைகள் பட்டியலிலும் வையுங்கள். அம்மாவுக்கு அனுப்புவதை அவர் தரப்பு எதிர்க்கலாம், இருந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து குடும்பப் பணத்திலிருந்து போய்க்கொண்டிருந்ததென்றால் அதற்கான வங்கிப் பதிவோடு எழுதுங்கள்.

கணக்கு எப்படி வரும் என்று காட்டுகிறேன், எண்கள் என் கற்பனைதான். சாப்பாடு 500, வீட்டுக் கட்டணங்களில் உங்கள் பங்கு 130, பஸ் ரயில் 120, போன் 30, மருத்துவமும் காப்புறுதியும் 300, துணிமணியும் வீட்டுச் சாமான்களும் 120, அம்மாவுக்கு 200, ஊர்ப் பயணமும் பண்டிகையும் 300, கடனில் மூன்றில் ஒரு பங்கு 300. ஆக 2,000 வெள்ளி. உங்கள் 1,500 சம்பளத்தில் மசேநிதிக்கு 20 விழுக்காடு போனால் கையில் 1,200. துண்டு 800 வெள்ளி. பேச்சு இந்த 800இல்தான் ஆரம்பிக்கும், அவருடைய 9,000இல் ஆரம்பிக்காது. அந்த 9,000 எதற்கென்றால், இந்தத் துண்டை நிரப்ப அவருக்கு வசதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், குடும்பம் எந்த அளவில் வாழ்ந்தது என்று காட்டுவதற்கும். இரண்டுக்கும் அது உங்கள் பக்கம் பேசும்.

அவருடைய வழக்கறிஞர் என்ன கேட்பார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 'இவர் படித்தவர், டீச்சராக இருந்தவர், வயது 46தான், மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான், ஏன் முழு நேரம் வேலை பார்க்கக்கூடாது?' என்று கேட்பார். நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடாது. முழு நேர வேலையில் 2,400 கிடைத்தால் கையில் 1,920 வரும், என் கணக்கில் துண்டு 80 வெள்ளியாகச் சுருங்கிவிடும். பராமரிப்பு என்பது ஆயுளுக்கும் முன்னாள் கணவரையே நம்பியிருக்க வழி செய்வதற்கு அல்ல, பெண் தன் காலில் நிற்கும்வரை கைகொடுப்பதற்கு என்பது இங்குள்ள நீதிமன்றங்களின் பார்வை. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். 16 வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்கு வருகிற பெண்ணின் சம்பளம் அந்த இடைவெளி இல்லாதவர் சம்பளத்துக்கு ஒருநாளும் எட்டாது, அந்த நட்டம் முழுவதையும் அவளே சுமக்கக்கூடாது. அதனால் உங்கள் பதில் 'என்னால் முடியாது' என்று இருக்கவேண்டாம், எப்போது, எப்படி முடியும் என்று காட்டுங்கள். பாலர் பள்ளி ஆசிரியர் சான்றிதழ் படிக்க எவ்வளவு காலம் ஆகும், கட்டணம் என்ன, அதுவரை பகுதி நேரம்தான் முடியும், மகனை மாலையில் யார் பார்ப்பது, என்று எழுதிக்கொடுத்தால் நீதிபதிக்கு ஒரு கால அளவு கிடைக்கிறது. மூன்று வருடமோ ஐந்து வருடமோ, கேட்பதற்குக் காரணம் இருக்கவேண்டும். முழுநேர வேலைக்கு விண்ணப்பித்து மறுப்பு வந்த மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வையுங்கள்.

இன்னொரு பெண்ணின் விஷயம். உங்கள் கடிதத்தில் அதிக வரிகள் அதற்குத்தான் போயிருக்கின்றன, வலி புரிகிறது. ஆனால் அதற்காகத் தொகை அதிகரிக்காது. விவாகரத்துக்கு அது காரணமாகலாம், பராமரிப்பு என்பது தண்டனை அல்ல. இதற்கு மறுபக்கமும் உண்டு: நீங்கள் சண்டை போட்டீர்கள், சமைக்கவில்லை என்று அவர் சொன்னாலும் அதற்காகத் தொகை குறையாது. நடத்தையைப் பார்க்கச் சட்டத்தில் இடம் இருந்தாலும் மிக மோசமான வழக்குகளில்தான் அது எடைக்கு வரும். தொடர்புக்கு ஆதாரம் தேடி இரவெல்லாம் அவர் போனை நோண்டுவதைவிட, அந்தப் பெண்ணுக்காகக் குடும்பப் பணம் எவ்வளவு போயிருக்கிறது என்று வங்கிப் பட்டியலில் பார்ப்பது உங்களுக்கு உதவும்.

வேலையை விட்டுவிடுவேன் என்ற மிரட்டலுக்கு வருவோம். இதைச் சொல்லாத கணவரைப் பார்ப்பது அபூர்வம். சட்டம் இன்றைய சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை, சம்பாதிக்கும் திறனையும் பார்க்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது அவருக்கும்தான். 9,000 வாங்கிக்கொண்டிருந்தவர் வழக்கு வந்த மாதத்தில் ராஜினாமா செய்தால் ஏன் என்று நீதிபதி கேட்பார், பதில் சரியில்லையென்றால் அவர் சம்பாதிக்கக்கூடிய தொகையை வைத்தே கணக்குப் போடலாம். இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் அஃபிடவிட்டில் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும், அதோடு சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, மசேநிதி அறிக்கை, வங்கி அறிக்கை எல்லாம் போகும். மறைத்தது தெரிந்தால் அவருக்கு எதிராகவே முடிவெடுக்க நீதிமன்றத்துக்கு உரிமை இருக்கிறது. நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றுவது, பணத்தை ஊருக்கு அனுப்பிவிடுவது போன்ற வேலைகளுக்கு 132ஆவது பிரிவு இருக்கிறது, உங்களுக்கு வரவேண்டியதைத் தடுக்கவே செய்தது என்று தெரிந்தால் முந்தைய மூன்று வருடங்களுக்குள் நடந்த மாற்றத்தையும் ரத்து செய்யமுடியும். ஆனால் ஒன்று, அவர் நிஜமாகவே ஊரோடு போய்விட்டால் அங்கே இருப்பவரிடமிருந்து மாதாமாதம் வசூலிப்பது பெரும்பாடு. இது உண்மையான ஆபத்துதான், அதனால்தான் மொத்தத் தொகையைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்தப் பேப்பர். 'வீடு உனக்கு' என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. வீட்டோடு கடனும் வருகிறது, மாதம் 900. கையில் 1,200 வாங்கும் உங்கள் பெயருக்கு மட்டும் அந்தக் கடனை மாற்ற வீவகவோ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வங்கியோ சம்மதிக்குமா என்று முதலில் கேட்கவேண்டும். அவர் மசேநிதியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கட்டிய பணம் வட்டியோடு அவர் கணக்குக்குத் திரும்பவேண்டுமா, வேண்டாமா என்று அந்தப் பேப்பரில் இருக்கிறதா? அதை எழுதாமல் விட்டால் பின்னால் பெரிய தொகை ஒன்று உங்கள் தலையில் விழும். மாதப் பணம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு 300 வெள்ளியில் எப்படிச் சாப்பிடுவீர்கள்? ஒரு வருடத்தில் வீட்டை விற்கவேண்டி வரும், அப்போது வீடும் இருக்காது, பராமரிப்பும் இருக்காது.

அந்த வீட்டில் உங்களுக்கு ஏற்கெனவே பங்கு இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்ட கால மணவாழ்க்கைகளில் சொத்தைச் சமமாகப் பிரிக்கும் பக்கமே நீதிமன்றங்கள் சாய்கின்றன என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே 2017இல் சொல்லியிருக்கிறது. உங்களுடையது 19 வருடம், இரண்டு பிள்ளைகள், கடைசி மூன்று வருடம் தவிர ஒரே சம்பளம். சரிபாதி என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், அதற்குக் கொஞ்சம் கீழேயும் வரலாம். ஆனால் உங்களுக்கே உரிய பங்கை உங்களிடம் நீட்டி, அதற்கு விலையாகப் பராமரிப்பை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாரா என்று பார்க்காமல் நீங்கள் நன்றி சொல்லக்கூடாது. அவருடைய மசேநிதியிலும் சேமிப்பிலும் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது, அந்தப் பேப்பரில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?

'மாதாமாதம் பணம் கேட்காதே' என்பதில் பிள்ளைகளின் பணமும் அடங்குமா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அடங்கும் என்றால் அது நிற்காது. பிள்ளைகளைப் பராமரிப்பது அப்பா, அம்மா இருவரின் கடமை, அம்மா எழுதிக்கொடுத்து அப்பாவை விடுவிக்க முடியாது, நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பார்க்கலாம். பொதுவாக 21 வயது வரை, படித்துக்கொண்டிருந்தாலோ மகன் தேசிய சேவையில் (ராணுவம் போன்ற கட்டாயப் பணியில்) இருந்தாலோ அதற்கு மேலும் நீளலாம். அந்த 900 கடனில் பிள்ளைகளின் பங்கான 600, அந்தப் பட்டியல் வழியாகத்தான் உங்களுக்கு வரவேண்டும்.

உங்களுடைய பராமரிப்பு அப்படியல்ல. 'எனக்கு வேண்டாம்' என்று சம்மத உத்தரவில் (இருவரும் ஒப்புக்கொண்டதை வைத்து நீதிமன்றம் போடும் உத்தரவு) எழுதி நீதிமன்ற முத்திரை விழுந்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து உடம்பு சரியில்லை, வேலை போய்விட்டது என்று வந்து நின்றால் அந்தக் கதவைத் திறப்பது மிக மிகக் கடினம். இதற்காகத்தான் சில வழக்கறிஞர்கள் மாதம் 1 வெள்ளி என்று ஓர் உத்தரவு கேட்பார்கள். கேட்கவே வேடிக்கையாக இருக்கும், ஆனால் அது இருந்தால் நிலைமை பெரிதாக மாறும்போது தொகையைக் கூட்டச் சொல்லி 118ஆவது பிரிவின்கீழ் கேட்க வழி இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டால் மட்டும் தரமாட்டார்கள், 2012இலும் 2016இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது, காரணம் காட்டவேண்டும். உங்கள் வழக்கில் நான் 1 வெள்ளியோடு நிற்கமாட்டேன், உண்மையான தொகையைத்தான் கேட்பேன். பேச்சுவார்த்தையில் கடைசியாக இறங்கினாலும் பூஜ்யத்துக்கு மட்டும் இறங்காதீர்கள், அதற்கு ஈடாக மொத்தமாக ஏதாவது கைக்கு வந்தால் தவிர.

மொத்தமா, மாதாமாதமா என்பதற்கு 115ஆவது பிரிவு இரண்டையும் அனுமதிக்கிறது. மாதத் தொகை நீங்கள் மறுமணம் செய்தால் நின்றுவிடும், இருவரில் ஒருவர் இறந்தாலும் நின்றுவிடும், அவர் நிலைமை மாறினால் குறைக்கவும் கேட்கலாம். மொத்தமாக வாங்கினால் கணக்கு அன்றோடு தீர்ந்தது. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லும் கணவர் விஷயத்தில் என் சாய்வு மொத்தத் தொகைக்குத்தான். என் கற்பனை எண்ணையே எடுத்தால் மாதம் 800, ஐந்து வருடத்துக்கு 48,000 வெள்ளி, அதை அவருக்கு வீட்டிலோ சேமிப்பிலோ வரும் பங்கிலிருந்து கழித்து உங்கள் பக்கம் சேர்க்கச் சொல்லலாம். வீட்டை வைத்துக்கொள்ள உங்களுக்கு மனமிருந்தால் அப்படிப் பேசிப் பெறுவதுதான் வழி, சும்மா கையெழுத்துப் போட்டு அல்ல.

இரண்டு மாதமாகப் பணம் தரவில்லை என்பதற்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனைவியாக இருக்கும்போதே 69ஆவது பிரிவின்கீழ் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப நீதிமன்றத்தில் பராமரிப்பு கேட்கலாம், வழக்கு தொடங்கிய பிறகு இடைக்காலத் தொகையும் கேட்கலாம். உத்தரவு வந்தும் தராவிட்டால் அவர் முதலாளியே சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்பும்படி உத்தரவு, அபராதம், தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்றெல்லாம் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து பராமரிப்பு உத்தரவுகளை அமலாக்கவென்றே அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், அவர் கையில் பணமில்லையா, மனமில்லையா என்று அவர்களே விசாரித்துப் பார்க்கமுடியும். பாக்கியைச் சேரவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள், மூன்று வருடத்துக்கு மேல் பழைய பாக்கியைப் பொதுவாகக் கேட்கமுடியாது. பணம் எப்போதும் வங்கி வழியாகவே வரட்டும், ரொக்கமாக வாங்கினால் நிரூபிக்கமுடியாமல் திண்டாடுவீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வரி. முஸ்லிம் தம்பதிகளின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே இத்தா (மணவிலக்குக்குப் பிந்தைய காத்திருப்புக் காலம்) காலச் செலவு, முத்ஆ (மனைவிக்குத் தரும் ஆறுதல் தொகை) என்று முறையே வேறு. ஆண்கள் மனைவியிடமிருந்து பராமரிப்பு கேட்கமுடியுமா என்று அடிக்கடி கேள்வி வருகிறது: நோயாலோ உடற்குறையாலோ சம்பாதிக்கமுடியாமல் போனவர்களுக்கு மட்டும் 2016 முதல் அந்த வழி இருக்கிறது.

சகோதரி, இந்த வாரம் நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். அந்தப் பேப்பரை அவரிடமே திருப்பிக் கொடுப்பதற்கு முன்பு போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் வங்கி, காப்புறுதி, வரிக் கடிதங்களையும் அப்படியே. செலவுப் பட்டியல் இரண்டையும் எழுதுங்கள். பிறகு உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இலவச சட்ட ஆலோசனை எந்த நாள் என்று கேட்டுப் போய்ப் பாருங்கள், அங்கே கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், பட்டியலோடு போனால் அது போதும். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லையென்றால் அரசின் சட்ட உதவி அலுவலகமான லீகல் எய்ட் பீரோவில் விண்ணப்பியுங்கள், நிரந்தரவாசிகளும் விண்ணப்பிக்கலாம், வருமானமும் சேமிப்பும் பார்த்து முடிவு செய்வார்கள். கல்யாணம் புதுக்கோட்டையில் நடந்தது என்பதால் வழக்கும் அங்கேதான் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள், கடைசி மூன்று வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருந்தாலே சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வழக்கை எடுத்துக்கொள்ள அதிகாரம் உண்டு. மகளிடம் பணத்தைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் அவள் படிப்புக் கட்டணம் தனி உத்தரவில் வரும், அம்மாவுக்குக் கிடைப்பதைக் குறைக்காது என்று சொல்லிவிடுங்கள். 17 வயதில் பிள்ளைகள் இதை நினைத்துப் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்பார்கள், அந்த எண்ணம் அவளுக்கு வரவேண்டாம்.